மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த பிறகு: உடலும் மனமும் தேற எதைக் கவனிப்பது, எதை எப்படிக் கேட்பது

அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, "இனி மூன்று மாதம் கழித்து வந்தால் போதும்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பும் நாளில் வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். சிகிச்சை பெற்றவருக்கோ அன்றிலிருந்துதான் வேறு வகையான தொல்லைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. கை கனக்கிறது, நள்ளிரவில் உடல் கொதித்து வியர்வையில் விழிப்பு வருகிறது, காலையில் விரல்களை மடக்க முடிவதில்லை, சிறிய இருமல் வந்தாலும் மனம் பழைய நோயை நோக்கியே ஓடுகிறது. உயிர் பிழைத்ததே பெரிது என்ற எண்ணத்தில் பலர் இவற்றை யாரிடமும் சொல்வதில்லை. சொல்லப்படாத தொல்லைக்கு எந்த மருத்துவரும் மருந்து எழுத முடியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

இந்தியப் பெண்களிடையே இன்று மிக அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோய் இதுவே. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்குப் பின் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். அந்த ஆண்டுகள் எப்படிக் கழிகின்றன என்பதை ஸ்கேன் காட்டாது, இரத்தப் பரிசோதனையும் காட்டாது. சிகிச்சை பெற்றவர் வாய் திறந்தால்தான் அது வெளியே தெரியும்.

முதல் வேலை: ஒரு குறிப்பேடு

புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் முன் அமரும்போது ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. அந்தச் சில நிமிடங்களில் மூன்று மாதத் தொல்லைகளை நினைவிலிருந்து சொல்வது கடினம். ஆகவே நாற்பது பக்க நோட்டு ஒன்றை இதற்கென ஒதுக்கி, வாரத்துக்கு ஒருநாள் எழுதுங்கள். உலகெங்கும் ஆய்வாளர்கள் புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கப் பயன்படுத்தும் ஐரோப்பிய வினாநிரல் ஒன்று உண்டு. பொதுவான 30 கேள்விகளும், மார்பகப் புற்றுநோய்க்கென்றே அமைந்த 23 கேள்விகளும் கொண்ட அது, வலி, களைப்பு, தூக்கம், பசி, அன்றாட வேலை, மனநிலை, குடும்ப உறவு, பணநெருக்கடி, உடல்தோற்றம், தாம்பத்தியம், கையில் வீக்கம், மார்புப் பகுதியில் வலி என்று எதையும் விட்டுவைப்பதில்லை. அந்த வினாநிரலே உங்களுக்குத் தேவையில்லை; அதன் தலைப்புகளை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு வந்தால் போதும்.

எழுதும்போது, தொல்லையின் பெயரைவிட அது எந்த வேலையைத் தடுக்கிறது என்று எழுதுவது பயன் தரும். "கை வலிக்கிறது" என்றால் வலி மாத்திரையோடு பேச்சு முடிந்துவிடக்கூடும். "இரண்டு வாரமாகக் கொடியில் துணி உலர்த்த முடியவில்லை, இடதுபக்க ரவிக்கைக் கை இறுகுகிறது" என்றால் மருத்துவர் கையை அளந்து பார்ப்பார். மருத்துவரைப் பார்க்கச் செல்வதற்கு முந்தைய நாள், நோட்டைப் புரட்டி மிகவும் வருத்தும் மூன்றை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அமர்ந்தவுடன் அந்தச் சீட்டைக் கொடுத்துவிடுவது நல்லது, ஏனெனில் எழுந்திருக்கும்போது கேட்கப்படும் கேள்விக்கு அரைகுறைப் பதிலே கிடைக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் பெண்ணுடன் கணவரோ மகனோ போனால், "எப்படி இருக்கீங்க அம்மா?" என்று மருத்துவர் கேட்கும் கேள்விக்கு அவர்களே "நல்லாத்தான் இருக்காங்க, சார்" என்று பதில் சொல்லிவிடுகிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனாலும், "டாக்டரிடம் நான் தனியாக ஐந்து நிமிடம் பேச வேண்டும்" என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவர்களிடம் சொல்லிவிடுவதில் தவறில்லை.

கை

மார்பகத்தோடு அக்குளிலிருந்து நிணநீர்க் கணுக்களும் எடுக்கப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்துக் கையிலிருந்து நிணநீர் வடியும் வழிகள் குறைகின்றன. நீர் தேங்கிக் கை வீங்குவதையே நிணநீர் வீக்கம் என்கிறார்கள். அக்குள் கணுக்களைப் பெருமளவில் நீக்கியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. முதலில் நிணநீர் சென்றடையும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துப் பரிசோதித்தவர்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அக்குளுக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டிருந்தாலும் உடல் எடை கூடியிருந்தாலும் வாய்ப்பு அதிகரிக்கும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தோன்றுகிறது என்றாலும், அதற்குப் பிறகு வராது என்று சொல்ல முடியாது.

வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கனம், இறுக்கம், வளையலும் மோதிரமும் பதிந்த தடம் ஆகியவை தெரியும். மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், தையல்காரர் பயன்படுத்தும் நாடாவைக் கொண்டு மணிக்கட்டிலும், முழங்கை மடிப்புக்கு 10 செ.மீ. மேலும் கீழும் இரு கைகளையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். இரு கைகளுக்கும் இடையே முதலில் இருந்த வேறுபாட்டைவிட 2 செ.மீ. கூடினால் மருத்துவரை அடுத்துப் பார்க்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் கவனித்தால் இதைக் கட்டுக்குள் வைப்பது எளிது. ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் தோல் தடித்துவிடும், பிறகு பழைய அளவுக்குக் கொண்டுவருவது கடினம். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் அடுக்குக் கட்டு, மென்மையான நிணநீர் மசாஜ், உடற்பயிற்சி, அளவெடுத்துத் தயாரித்த அழுத்தக் கையுறை என்ற வரிசையில் சிகிச்சை தருவார். இந்த வீக்கத்துக்குச் சிறுநீரைப் பெருக்கும் "நீர் மாத்திரை" பயன் தராது. நம் ஊர் வெயிலில் அழுத்தக் கையுறை ஒரு தண்டனைதான். அதனால், எந்த வேலைகளின்போது கட்டாயம் அணிய வேண்டும், எப்போது கழற்றலாம் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் மொத்தமாகக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறவர்களே அதிகம்.

அந்தக் கையில் காயம் படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அரிவாள்மனையில் தேங்காய் துருவும்போதும் மீன் ஆயும்போதும் கவனம் வேண்டும். எண்ணெய் தெறிக்கும் வேலைக்கு மற்றக் கையைப் பயன்படுத்தலாம். தோட்ட வேலைக்கு உறை அணியலாம். வெட்டுப்பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவிக் கிருமிநாசினி தடவுங்கள். கை சிவந்து, சூடேறி, குளிரோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது தோலடித் தொற்று. அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்.

கனமான எதையும் ஆயுளுக்கும் தூக்கக் கூடாது என்ற அறிவுரை இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது காலாவதியான அறிவுரை. ஏற்கனவே கைவீக்கம் இருந்த பெண்களை வாரம் இருமுறை, மேற்பார்வையில், மெல்ல மெல்ல எடையைக் கூட்டிப் பயிற்சி செய்ய வைத்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2009ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, கைவலிமை கூடியது, திடீரென்று வீக்கம் மோசமாகும் சந்தர்ப்பங்களும் குறைந்தன. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரைக் கிலோ எடை, அதிலிருந்து தொடங்கலாம். திடீரென்று ஒருநாள் நிறைகுடத்தைத் தூக்குவதுதான் ஆபத்து. அதேபோல், அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதாலோ இரத்தம் எடுப்பதாலோ வீக்கம் வருகிறது என்பதற்குப் பின்னாளைய ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. மற்றக் கை இருக்கும்போது அதைக் கொடுப்பது எளிய முன்னெச்சரிக்கைதான். அவசரநிலையில் மட்டும் மறுக்க வேண்டாம்.

தோள்பட்டை இறுகிப்போவது வேறு கதை. சுவரில் விரல்களால் "ஏறி"க் கையை உயர்த்தும் பயிற்சியை அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையில் சொல்லித் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் அது நின்றுவிடுகிறது. கதிர்வீச்சு முடிந்து மாதங்கள் கழிந்த பிறகும் திசுக்கள் இறுகிக்கொண்டே போகும் என்பதால், தலைவாரிப் பின்னலிடுவது தடையின்றி வரும் வரையிலாவது அதைத் தினமும் தொடர வேண்டும்.

ஐந்து ஆண்டு மாத்திரை

ஹார்மோன் ஏற்பி (புற்றணுவில் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) இருக்கும் வகைப் புற்றுநோய் என்றால் டமாக்சிஃபென், லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் ஆகியவற்றில் ஒன்றை ஐந்து ஆண்டுகளும் சிலருக்கு அதற்கு மேலும் தருகிறார்கள். தினம் ஒரு சிறு மாத்திரைதானே என்று தோன்றலாம். ஆனால் ஐந்து ஆண்டு டமாக்சிஃபென், நோய் திரும்புவதை முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகவும், இந்நோயால் ஏற்படும் மரணத்தைப் பதினைந்து ஆண்டுக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளை ஒருசேர அலசிக் கண்ட முடிவு. பக்கவிளைவு தாங்காமல் யாரிடமும் சொல்லாமல் இதை நிறுத்திவிடுவதே மிகப் பெரிய இழப்பு என்று நான் கருதுகிறேன். நிறுத்த வேண்டும் என்று தோன்றும் நாளில் செய்ய வேண்டியது மருத்துவரிடம் போய் அதையே சொல்வதுதான், ஏனெனில் மாற்றுவழிகள் உள்ளன.

உடல் கொதித்து வியர்ப்பதற்குப் பருத்தி உடை, மின்விசிறிக்கு அடியில் படுக்கை, மாலைக்கு மேல் காபி, காரம் தவிர்த்தல் என்பவை ஓரளவு உதவும். போதாதபோது வெனலாஃபாக்சின் போன்ற மருந்துகள் உண்டு. டமாக்சிஃபென் உட்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மனச்சோர்வுக்குத் தரப்படும் பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் ஆகியவை டமாக்சிஃபென் உடலில் செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கக்கூடும். ஆகவே எந்த மருத்துவர் புது மருந்து எழுதினாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும். லேகியம், சூரணம், கேப்சூல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சமையலில் போடும் மஞ்சளால் தீங்கில்லை. ஆனால் மிளகுச் சாறு சேர்த்த அதிக அளவு மஞ்சள் கேப்சூல் டமாக்சிஃபெனின் செயல்வடிவ அளவைக் குறைப்பதை நெதர்லாந்தில் நடந்த சிறிய ஆய்வொன்று கண்டது.

டமாக்சிஃபென் எடுக்கும்போது, மாதவிடாய் நின்றவருக்கு மீண்டும் இரத்தப்போக்கு வந்தால், அது ஒரு துளியானாலும் பரிசோதிக்கப்பட வேண்டும். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பை இந்த மாத்திரை சற்று உயர்த்துகிறது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவை இரத்தக் கட்டியின் அறிகுறியாகலாம். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

லெட்ரோசோல் வகை மாத்திரைகள் மூட்டுகளைப் பிடித்துக்கொள்கின்றன, எலும்பையும் தேய்க்கின்றன. மூட்டு வலிக்கு நடையும் எடைப்பயிற்சியும் உண்மையிலேயே உதவுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. தாங்க முடியாவிட்டால் அதே வகையில் வேறொரு மாத்திரைக்கு மாற்றித் தருவார்கள். தொடக்கத்திலும் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்சா ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். கேழ்வரகு, பால், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். வைட்டமின் டி குறைவு நம்மிடையே சாதாரணம், அளவு பார்த்து ஈடுசெய்ய வேண்டும். எலும்புக்கு ஊசி போடுவதாக இருந்தால் அதற்கு முன்பு பல் மருத்துவரைப் பார்த்துப் பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுவது அவசியம்.

இளம் வயதில் நோய் வந்து, குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். டமாக்சிஃபென் உட்கொள்ளும்போது கருத்தரிக்கக் கூடாது. கருத்தடைக்கு ஹார்மோன் மாத்திரை கூடாது, காப்பர்-டி ஏற்றது. ஆனால் 18 முதல் 30 மாதம் வரை மாத்திரை எடுத்த பின், மருத்துவ மேற்பார்வையில் தற்காலிகமாக நிறுத்திக் கருத்தரிக்க முயன்ற பெண்களுக்குக் குறுகிய காலத்தில் நோய் திரும்பும் ஆபத்து கூடவில்லை என்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு கூறியது. நீண்டகால முடிவுகள் இன்னும் வர வேண்டும்.

களைப்பு, மரத்துப்போதல், மறதி

தூங்கி எழுந்தும் தீராத களைப்பு, சிகிச்சை முடிந்து ஓராண்டுக்கு மேலும் நீடிக்கலாம். முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால், களைப்புக்கு மிக உறுதியான ஆதாரமுள்ள மருந்து உடற்பயிற்சிதான். "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், படுத்திரு" என்று வீட்டார் காட்டும் அக்கறை, தசைகளை மேலும் தளரச் செய்து களைப்பைக் கூட்டிவிடுகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடையும், இரண்டு நாள் எடைப்பயிற்சியும் இலக்கு. மொட்டை மாடியில் பத்து நிமிடம் என்று தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டலாம். பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம்.

பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்றப்பட்டவர்களுக்கு விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப்போகும். பலருக்கு மாதங்களில் குறையும். வலியோடு இருந்தால் டுலாக்சிடின் என்ற மருந்தைப் பற்றிக் கேட்கலாம், ஆனால் அதுவும் ஓரளவுக்கு டமாக்சிஃபெனின் வேலையில் குறுக்கிடும் என்பதால் அதை நினைவூட்டுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், குறிப்பாக நீரிழிவும் உள்ளவர்கள், நண்பகல் வெயிலில் கோவில் பிரகாரத்துக் கல்தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கொப்புளம் வந்தது தெரியவே தெரியாது. மறதி பெரும்பாலும் ஓராண்டுக்குள் தெளிகிறது. அதுவரை பால் கணக்கு முதல் மாத்திரை நேரம் வரை எழுதிவைத்துச் சமாளிக்கலாம்.

உடலின் தோற்றமும் தாம்பத்தியமும்

மார்பகம் நீக்கப்பட்ட பிறகு கண்ணாடியைத் தவிர்க்கும் பெண்கள் பலர். செயற்கை மார்பகம் அணிவது, மறுசீரமைப்பு அறுவை செய்துகொள்வது, எதுவும் இன்றி அப்படியே இருப்பது ஆகிய மூன்றில் எதுவும் மற்றொன்றைவிட உயர்ந்ததன்று. தழும்பு ஆறும் வரை பஞ்சு நிரப்பியதையும், பிறகு எடையுள்ள சிலிக்கோன் வகையையும் அணியலாம். உள்ளாடையிலேயே பை வைத்துத் தைத்துத் தரத் தையல்காரரிடம் கேட்கலாம். மறுசீரமைப்பு ஆண்டுகள் கழித்தும் செய்யத்தக்கதே என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பிறப்புறுப்பு வறட்சியைப் பற்றி மருத்துவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. கீமோவும் ஹார்மோன் மாத்திரையும் ஏற்படுத்தும் உடல்விளைவு அது; இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீர் அடிப்படையிலான வழுக்கு ஜெல்லை உறவின்போதும், ஈரமூட்டும் ஜெல்லை வாரம் இரண்டு மூன்று முறையும் பயன்படுத்தலாம். தேங்காய் எண்ணெய் ஆணுறையைப் பலவீனப்படுத்தும். ஈஸ்ட்ரோஜென் களிம்பைப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். வாய்விட்டுச் சொல்ல இயலாவிட்டால் சீட்டில் எழுதி நர்ஸிடம் கொடுங்கள். கணவருக்கும் இதைத் தெரிவிப்பது நல்லது. மனைவிக்கு வலிக்குமோ என்று அவரும், தன்னைப் பிடிக்கவில்லையோ என்று மனைவியும் ஆளுக்கொரு மூலையில் மௌனமாக இருக்கும் வீடுகள் குறைவல்ல.

பயம்

நோய் திரும்புமோ என்ற பயம் பெரும்பாலோருக்கு வருகிறது. பரிசோதனை நாள் நெருங்க நெருங்க ஏறுகிறது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தால் மற்றவற்றை விட்டுவிட முடியும். மார்பிலோ அக்குளிலோ தழும்பிலோ புதிய கட்டி, தழும்பருகே தோல் மாற்றம், ஓய்விலும் இரவிலும் குறையாத எலும்பு வலி, நீடிக்கும் இருமல், மூச்சு வாங்குதல், காரணமின்றி எடை குறைதல், புதிதாகத் தொடங்கித் தொடரும் தலைவலி ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது நாளுக்கு நாள் கூடினால், தேதி வரும் வரை காத்திராமல் போய்க் காட்டுங்கள். வலிப்பு, கால் செயலிழத்தல் போன்றவற்றுக்கு இரண்டு வாரக் கணக்குக் கிடையாது, அன்றே போக வேண்டும்.

வாரந்தோறும் மனவருத்தத்துக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 4 அல்லது அதற்கு மேல் தொடர்ந்தால் மனநல உதவி நாட வேண்டும் என்பது புற்றுநோய்த் துறையில் வழங்கும் அளவுகோல். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் உளவியல் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இரவு நேரத்தில் தாங்கவில்லை என்றால் மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உறவினரின் வாயைத்தான் எந்த எண்ணாலும் அடைக்க முடியாது. தொற்றிக்கொள்ளும் என்று தட்டைத் தனியாக வைப்பவர்களிடம், இது ஒட்டுவாரொட்டி நோய் அன்று என்று ஒருமுறை சொல்லிவிட்டு, விளக்கிக்கொண்டிருக்காமல் நகர்ந்துவிடலாம்.

தொடர் பரிசோதனையும் மகளுக்கான கேள்வியும்

முதல் மூன்று ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் மருத்துவர் பரிசோதிப்பார். மார்பகம் எஞ்சியிருந்தால் ஆண்டுதோறும் மாமோகிராம். எந்த அறிகுறியும் இல்லாதபோது பெட் ஸ்கேனையும், சிஏ 15-3 போன்ற இரத்தப் பரிசோதனைகளையும் வழக்கமாக எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை. செலவும் வீண் கலக்கமும்தான் கூடும். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்சோரூபிசின், ட்ராஸ்டுசுமாப் ஆகிய மருந்துகள் ஏற்றப்பட்டிருந்தால் இதயத்துக்கான எக்கோ பற்றிக் கேளுங்கள். பரிசோதனைக்காக ரயிலில் வர வேண்டியிருந்தால், மருத்துவமனைச் சான்றிதழைக் காட்டிப் புற்றுநோயாளிகளுக்கான கட்டணச் சலுகையைப் பெறலாம். துணைக்கு வரும் ஒருவருக்கும் சலுகை உண்டு.

மகளின் திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்று அஞ்சி, நோயையே மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அந்த அச்சம் புரிகிறது. ஆனால் மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே பரம்பரையாக வரும் மரபணுக் கோளாற்றால் விளைகின்றன. இளம் வயதில் நோய் வந்திருந்தாலோ, ஈஸ்ட்ரோஜென், புரொஜெஸ்டிரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் இல்லாத வகையாக இருந்தாலோ, தாய்வழியிலோ தந்தைவழியிலோ சினைப்பைப் புற்றுநோய் அல்லது ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தாலோ, இந்தப் பரம்பரைக் கோளாற்றைத் தேடும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். பரிசோதனையை முதலில் செய்துகொள்ள வேண்டியவர் நோய் வந்தவர்தான், மகள் அல்ல. தாய்க்குக் கோளாறு கண்டறியப்பட்டால் மகளுக்கும் மகனுக்கும் அது வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. வந்திருக்கும் மகளுக்கு வழக்கத்தைவிட இளம் வயதிலேயே எம்ஆர்ஐ கண்காணிப்பைத் தொடங்க முடியும். அதற்கு உங்கள் பயாப்சி அறிக்கையும் ஏற்பி அறிக்கையும் தேவைப்படும் என்பதால், அவற்றின் நகலைக் கோப்பில் ஒன்றும் மகளிடம் ஒன்றுமாக வைத்துவிடுங்கள்.